காம்பன் நகரத்தின் 17ஆவது நோயாளி: சிறுநீர் நின்றபோது உடலில் நடந்தது

1945 செப்டம்பர் 11. நெதர்லாந்தின் காம்பன் என்னும் சிறு நகரத்து மருத்துவமனையில் 67 வயதுப் பெண் ஒருவர் நினைவின்றிக் கிடந்தார். பித்தப்பை அழற்சியோடு வந்தவர். அன்றைய வழக்கப்படி, தொற்றை எதிர்க்கும் சல்ஃபா மருந்து கொடுத்திருந்தார்கள். சில நாள்களில் சிறுநீர் ஏறக்குறைய நின்றே போனது. இரத்தத்தில் யூரியா 100 மி.லி.க்கு 400 மி.கி.யை நெருங்கிவிட்டது. நம் ஊர் ஆய்வக அறிக்கைகளில் இயல்பு என்று அச்சிட்டிருக்கும் அளவு 15 முதல் 40 வரை.

அவரைக் கவனித்த மருத்துவர் வில்லெம் கோல்ஃப். வயது 34. தாம் கட்டிய செயற்கைச் சிறுநீரகத்தை அதுவரை 16 பேருக்குப் பயன்படுத்தியிருந்தார். இயந்திரம்தான் காப்பாற்றியது என்று நெஞ்சறியச் சொல்லத்தக்கவர் அந்தப் பதினாறில் ஒருவர்கூட இல்லை. பதினேழாவதாக வந்த இந்தப் பெண்ணுக்குப் பதினொன்றரை மணி நேரம் இயந்திரம் ஓடியது. நினைவு திரும்பியது, பிறகு சிறுநீரும் திரும்பியது. அதன்பின் சில ஆண்டுகள் வாழ்ந்து வேறொரு காரணத்தால் இறந்தார். டயாலிசிஸ் மீட்டுக் கொடுத்த முதல் உயிர் என்று மருத்துவ வரலாறு இவரைத்தான் குறிப்பிடுகிறது.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்க இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது. பள்ளிப் பாடநூல் சிறுநீரகத்தை வடிகட்டி என்று சொல்லிக் கொடுக்கிறது. கோல்ஃப் கட்டியது நிஜமாகவே ஒரு சல்லடை. அந்தச் சல்லடையால் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், வடிப்பது சிறுநீரகத்தின் வேலையில் எளிய பாதி என்பது விளங்கும். வடித்ததைத் திரும்ப எடுப்பதே அதன் பெரும்பாடு.

வடிப்பும் மீட்பும்

விலாவுக்குக் கீழே, முதுகெலும்பின் இரு பக்கமும், வயிற்றறைக்குப் பின்னால் ஒட்டியபடி இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 செ.மீ. நீளம், 150 கிராம் எடை. இரண்டும் சேர்ந்தாலும் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல், இவற்றுக்குள் போய்வருகிறது. தனக்கு உணவும் உயிர்வளியும் வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு இரத்தத்தை எந்த உறுப்பும் வாங்குவதில்லை. சிறுநீரகம் வாங்குவது, அதைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்ப.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் என்னும் நுண்ணிய வடிப்பு அலகுகள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் குளோமெருலஸ் என்னும் தந்துகி முடிச்சு. அதைச் சுற்றிப் பௌமானின் கிண்ணம். மற்ற இடங்களில் தந்துகிக்குப் பின்னால் சிரை வரும். இங்கே மட்டும் முன்னால் ஒரு நுண்தமனி, பின்னால் இன்னொரு நுண்தமனி. உட்செல்லும் வாசலையும் வெளியேறும் வாசலையும் தனித்தனியே இறுக்கவும் தளர்த்தவும் முடிவதால், முடிச்சுக்குள் இருக்கும் அழுத்தத்தைச் சிறுநீரகமே தீர்மானிக்கிறது. உள்ளே சுமார் 55 மி.மீ. பாதரச அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இரத்தப் புரதங்கள் 30 அளவுக்கு உள்ளிழுக்கின்றன. கிண்ணத்தில் ஏற்கெனவே இருக்கும் திரவம் 15 அளவுக்கு எதிர்க்கிறது. மிச்சம் வெறும் 10. இந்தச் சிறிய மிச்சத்தில்தான் வடிப்பு முழுவதும் நடக்கிறது. இரத்த அழுத்தம் சரிந்தால் சிறுநீர் ஏன் இவ்வளவு விரைவில் குறைகிறது என்பதற்கு இந்தப் பத்தே விடை.

அந்தப் பத்தைக் கொண்டு நிமிடத்துக்குச் சுமார் 120 மி.லி., நாளுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகிறது. உடலில் இருக்கும் பிளாஸ்மா மொத்தமே மூன்று லிட்டர்தான். அதை ஒரே நாளில் அறுபது முறை வெளியே கொட்டி அள்ளுவதற்குச் சமம் இது. வடிந்த திரவத்தில் சுமார் ஒன்றரைக் கிலோ சமையல் உப்பு இருக்கும், 180 கிராம் குளுக்கோஸ் இருக்கும். வெளியேறும் சிறுநீரோ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். அதில் குளுக்கோஸ் இல்லை. உப்பு நாம் அன்று சாப்பிட்ட அளவுக்குத்தான்.

இடையில் நடப்பது மீள உறிஞ்சல். பௌமானின் கிண்ணத்தை ஒட்டிய அண்மைச் சுருண்ட நுண்குழல் வடிந்ததில் மூன்றில் இரண்டு பங்கை அங்கேயே எடுத்துவிடுகிறது. குளுக்கோசும் அமினோ அமிலங்களும் இங்கேயே தீர்ந்துவிடும். ஹென்லே வளைவு உப்பில் கால் பங்கை எடுக்கிறது. அதோடு, சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவைச் செறிந்த உப்புக் களமாக ஆக்கிவைக்கிறது. கடைசியில் சேகரிப்பு நாளம் அந்தக் களத்தின் நடுவே இறங்கும்போது, மூளையிலிருந்து வரும் ஏ.டி.ஹெச். என்னும் ஹார்மோன் கதவைத் திறந்தால் நீர் வெளியேறிச் சிறுநீர் கெட்டியாகும். திறக்காவிட்டால் தண்ணீராகப் போகும். ஹென்லே வளைவை அடுத்த சேய்மை நுண்குழலிலும் சேகரிப்பு நாளத்திலும் அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் கட்டளைப்படி சோடியம் உள்ளே வர, பொட்டாசியம் வெளியே போகிறது. இந்தக் கடைசிச் சில விழுக்காட்டில்தான் அன்றாடக் கணக்கு தீர்க்கப்படுகிறது: இன்று எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர், எவ்வளவு அமிலம்.

ஒரு நாளில் உடல் வெளியேற்ற வேண்டிய கரைபொருள் சுமார் 600 மில்லி ஆஸ்மால் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு). சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் ஒரு லிட்டருக்கு 1,200க்கு மேல் செறிவாக்க முடியாது. ஆக, நாளொன்றுக்கு அரை லிட்டராவது போயே தீர வேண்டும். 400 மி.லி.க்குக் கீழே இறங்கினால் அதை ஆபத்து என்று வைத்திருப்பது இந்தக் கணக்கினால்தான்.

சேகரிப்பு நாளங்களிலிருந்து சிறுநீர், சிறுநீரக இடுப்பு என்னும் புனல் போன்ற பகுதிக்கு வந்து, 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள சிறுநீர்நாளம் வழியே, அலையலையான தசைச் சுருக்கத்தால் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. பை 400, 500 மி.லி. கொள்ளும்; 200ஐத் தாண்டும்போதே உணர்வு தொடங்கும். இந்தப் பகுதிக்கு வந்தபின் சிறுநீரின் உட்பொருள் மாறுவதில்லை. இது வெறும் கடத்தல். ஆனால் இங்கே அடைப்பு ஏற்பட்டால் பின்னழுத்தம் மேலேறி, முன்னே சொன்ன 10 மி.மீ. மிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும்.

எங்கே தடைபட்டது

சிறுநீர் நின்றால் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: இரத்தம் வந்துசேரவில்லை, சிறுநீரகமே காயப்பட்டிருக்கிறது, அல்லது கீழே வழி அடைத்திருக்கிறது. காம்பன் நோயாளிக்கு முதலிரண்டும் சேர்ந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பித்தப்பை அழற்சி காய்ச்சலையும் வாந்தியையும் கொண்டுவரும். தொற்று கடுமையானால் இரத்த நாளங்கள் தளர்ந்து அழுத்தம் விழும். அதன்மேல் சல்ஃபா.

அக்காலத்துச் சல்ஃபா மருந்துகள் அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் எளிதில் கரையாதவை. கல்லீரல் அவற்றை மாற்றியமைத்து அனுப்பும் வடிவம் இன்னும் மோசமாகக் கரையும். நுண்குழலுக்குள் நீர் உறிஞ்சப்பட உறிஞ்சப்பட மருந்தின் செறிவு ஏறுகிறது. ஒரு கட்டத்தில் ஊசி ஊசியாகப் படிகம் விழுகிறது. மீள உறிஞ்சல் என்னும் அதே திறமை இங்கே எதிரியாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் அன்று சல்ஃபா கொடுக்கும்போது நிறையத் தண்ணீரும் சமையல் சோடாவும் சேர்த்துக் கொடுப்பது விதியாக இருந்தது. இன்று சிரைவழி ஏற்றும் அசைக்ளோவிர், அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றுக்கு முன்பு சலைன் ஓடவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் அடிபடுவது மெடுல்லாவை ஒட்டிய நுண்குழல் செல்கள். சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தின் பெரும்பகுதி அதன் வெளிப்பகுதியான புறணியில் சுற்றுகிறது. மெடுல்லாவுக்குக் கொஞ்சம்தான் போகிறது. வேகமாக ஓடினால் சேர்த்துவைத்த உப்புச் செறிவைக் கழுவிவிடும் என்பதால் அங்கே ஓட்டம் மெதுவாக இருந்தாக வேண்டும். ஆகவே சாதாரண நாளிலேயே அந்தச் செல்கள் உயிர்வளிப் பற்றாக்குறையின் விளிம்பில்தான் உழைக்கின்றன. ஓட்டம் இன்னும் குறைந்தால் அவை உதிர்ந்து, குழலுக்குள் விழுந்து அடைத்துக்கொள்கின்றன.

ஒரு கேள்வி எழும். கெட்டது நுண்குழல், குளோமெருலஸ் நன்றாகத்தானே இருக்கிறது? வடிப்பு ஏன் நிற்க வேண்டும்? அடைப்பு ஒரு காரணம். ஆனால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஹென்லே வளைவு முடியும் இடத்தில், தன் நெஃப்ரானின் குளோமெருலசைத் தொட்டபடி, உப்பை உணரும் ஒரு செல் திட்டு இருக்கிறது. மேலே மீட்கப்பட வேண்டிய உப்பு மீட்கப்படாமல் அங்கே வந்துசேர்ந்தால், அது உட்செல்லும் நுண்தமனியை இறுக்கி வடிப்பைக் குறைத்துவிடும். இது பழுது அல்ல, பாதுகாப்பு. மீட்பு நின்று, வடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 120 மி.லி. என்று தொடர்ந்திருந்தால், மூன்று லிட்டர் பிளாஸ்மா 25 நிமிடத்தில் சிறுநீராகப் போய்ச் சேர்ந்திருக்கும். 1976இல் தூராவ், பாய்லன் ஆகிய இரு ஆய்வாளர்கள், சிறுநீர் குறைவதைத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பின் 'வெற்றி' என்றே அழைத்தார்கள். மிகச் சரியான சொல் என்பது எங்கள் கருத்து. நெஃப்ரான் வாசலை மூடிக்கொண்டு உயிரைக் காக்கிறது. செல்கள் மீண்டும் வளரும் வரை.

வளரவும் செய்கின்றன. நுண்குழல் செல்களுக்கு அந்த ஆற்றல் உண்டு. ஒன்று முதல் மூன்று வாரங்களில், தப்பிப் பிழைத்த செல்கள் பரவிப் பெருகிக் குழலின் உட்சுவரை மறுபடி போர்த்திவிடும். சிக்கல் என்னவென்றால், அந்த ஒன்று முதல் மூன்று வாரங்கள் நோயாளி உயிரோடு இருந்தாக வேண்டும்.

தேங்குவன

யூரியா 400 என்றதும் அதுதான் நஞ்சு என்று நினைப்பது இயல்பு. யூரியா தன்னளவில் அவ்வளவு கொடியதன்று. புரதச் சிதைவில் எழும் அம்மோனியாவைக் கல்லீரல் பக்குவமாக மாற்றித் தரும் வடிவம் அது. நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் உண்டாகும். அது ஏறுவதைப் பார்த்து மற்றவையும் ஏறுகின்றன என்று அறிகிறோம். ஆளைக் கொல்பவை பொதுவாக மூன்று: பொட்டாசியம், அமிலம், நீர்.

உடலின் பொட்டாசியத்தில் 98 விழுக்காடு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே, ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்கலாம். உணவில் வருவதில் பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகமே வெளியேற்றியாக வேண்டும். 6.5ஐத் தாண்டினால் இ.சி.ஜி.யில் டி அலை கூம்பு போல நிமிரும்; பிறகு பி அலை மறையும், க்யூ.ஆர்.எஸ். அகலும், இதயம் நின்றுவிடும். முன்னறிவிப்பாக நோயாளிக்கு எந்த வலியும் இருக்காது. அமிலம் நாளுக்கு 60, 70 மில்லிமோல் சேர்கிறது. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஆகும். குடித்த நீரும் ஏற்றிய சலைனும் போக வழியின்றி நுரையீரலில் ஏறும்.

இயந்திரம்

கோல்ஃபுக்கு இந்த எண்ணம் வந்தது 1938இல், குரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில். சிறுநீரகம் செயலிழந்த 22 வயது இளைஞன் கண்முன்னே மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தான். நாளுக்கு 20 கிராம் யூரியாவை வெளியே எடுத்துவிட்டால் இவன் பிழைத்திருப்பானே என்று கணக்குப் போட்டார். தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோபேன் குழாயைப் பற்றி அவருக்குச் சொன்னவர் அங்கிருந்த உயிர்வேதியியல் பேராசிரியர் பிரிங்க்மன். யூரியா கலந்த சிறிது இரத்தத்தை அந்தக் குழாயில் அடைத்து உப்புநீரில் ஆட்டிப் பார்த்தார். சில நிமிடங்களில் யூரியாவின் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. செல்லோபேனின் நுண்துளைகள் யூரியா, பொட்டாசியம் போன்ற சிறு மூலக்கூறுகளை விடும். புரதத்தையும் இரத்த அணுக்களையும் விடாது.

1941இல் காம்பனுக்கு வந்தபின், அந்நகரத்து எனாமல் ஆலையை நடத்திய பெர்க்கின் உதவியோடு இயந்திரத்தைக் கட்டினார். நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம். எல்லாப் பொருளுக்கும் தட்டுப்பாடு. மரச் சட்டங்களால் ஆன உருளை படுக்கை வசமாக. அதன்மேல் 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள செல்லோபேன் குழாய் சுருளாகச் சுற்றப்பட்டிருந்தது. உருளையின் கீழ்ப்பாதி, 100 லிட்டர் கரைசல் கொண்ட எனாமல் தொட்டியில் மூழ்கியிருக்கும். மோட்டார் உருளையைச் சுழற்றும்போது, குழாயில் உள்ள இரத்தம் தன் எடையால் அடியில் தங்க, சுருள் சுற்றச் சுற்ற ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்துகொண்டே போகும். சுழலும் குழாயையும் அசையாமல் கிடக்கும் நோயாளியையும் கசிவின்றி இணைக்க ஒரு மூட்டு வேண்டியிருந்தது. ஃபோர்டு காரின் தண்ணீர் பம்பில் இருந்த அமைப்பைப் பார்த்து அதைச் செய்தார். இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின்.

இயந்திரத்தின் அறிவு முழுவதும் அந்தத் தொட்டிக் கரைசலில் இருக்கிறது. சிறுநீரகம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வேண்டியதை அள்ளுகிறது. செல்லோபேனுக்கு அள்ளத் தெரியாது. ஆகவே எது உடலில் தங்க வேண்டுமோ, அதைக் கரைசலில் முன்கூட்டியே இரத்தத்தில் உள்ள அளவுக்குக் கலந்துவைத்துவிட்டால், இருபுறமும் சமமாக இருப்பதால் அது வெளியே போகாது. சோடியம், குளோரைடு, பைகார்பனேட் அப்படிக் கலக்கப்பட்டன. குளுக்கோசைச் சற்றுக் கூடுதலாகப் போட்டார்கள்; அது நீரை வெளியே இழுக்கும். யூரியா மட்டும் கரைசலில் கிடையாது. எனவே அது ஓடிவரும். நுண்குழலின் பத்து லட்சம் முடிவுகளுக்குப் பதிலாக, தொட்டியை நிரப்பும் மனிதர் ஒரே ஒரு முடிவை முன்னதாகவே எடுத்துவைக்கிறார்.

பதினொன்றரை மணி நேரம்

அந்தப் பெண்ணுக்கு அன்று நடந்ததில் மூன்று எண்கள் போதும்: 80 லிட்டர் இரத்தம் குழாய் வழியே போனது, 60 கிராம் யூரியா வெளியே வந்தது, இரத்த யூரியா சுமார் 400இலிருந்து 120 அளவுக்கு இறங்கியது.

80 லிட்டரை 690 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 116 மி.லி.; இன்றைய டயாலிசிஸ் இயந்திரத்தில் 250, 300 ஓடும். அந்த 80 லிட்டரில் கரைந்திருந்த யூரியா சராசரியாக 180 கிராமுக்கு மேல். வெளியேறியது அதில் மூன்றில் ஒன்று. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 37 மி.லி. இரத்தத்தை யூரியாவிலிருந்து முழுதாகச் சுத்தப்படுத்தியதற்குச் சமம். நலமான இரண்டு சிறுநீரகங்கள் செய்வதில் பாதி. மரச் சட்டத்திலும் தொத்திறைச்சி உறையிலும் செய்த ஒரு பொருளுக்கு இது வியக்கத்தக்க அளவு. இன்னொன்றையும் பார்க்கலாம்: 60 கிராம் யூரியா 100 லிட்டரில் கலந்தால் 100 மி.லி.க்கு 60 மி.கி. வந்துவிடும். கரைசலில் யூரியா ஏற ஏற, இரத்தத்திலிருந்து அது இறங்கும் வேகம் குறையும். எனவே கரைசலைப் புதுப்பித்தே ஆக வேண்டும். இன்று நிமிடத்துக்கு 500 மி.லி. என்று புதுக் கரைசல் ஓடிக்கொண்டே இருப்பது இதற்காக. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர்.

யூரியா எழுபது விழுக்காடு இறங்கியது என்பதைப் பார்த்ததும் இன்றைய சிறுநீரக மருத்துவருக்கு ஒரு கவலை வரும். இரத்தத்திலிருந்து யூரியாவை மிக வேகமாக எடுத்தால் மூளைக்குள் இருப்பது அதே வேகத்தில் வெளியேறாது. அதன் இழுப்பில் நீர் மூளைக்குள் புகுந்து, தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். ஆகவே யூரியா மிக உயர்ந்திருப்பவருக்கு முதல் டயாலிசிஸை இரண்டு மணி நேரத்தோடு, மெதுவான ஓட்டத்தில், 40 விழுக்காட்டுக்கு மேல் இறங்காமல் நிறுத்துவது இன்றைய நடைமுறை. காம்பனில் இறக்கம் பெரிது; ஆனால் அது பதினொன்றரை மணி நேரத்தில் பரவியிருந்தது. இயந்திரத்தின் நிதானமே அவருக்குக் காவலாக இருந்திருக்கக்கூடும்.

அந்தப் பெண் போரின்போது நாஜிகள் பக்கம் நின்றவர் என்று காவலில் வைக்கப்பட்டிருந்தவர். நாடு விடுதலையாகி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. ஊரில் அவர்மேல் கோபம் ஆறாத நேரம். கோல்ஃப் நாஜிகளை வெறுத்தவர். இருந்தும் இரவுபகல் பாராமல் அவருக்கு இயந்திரத்தை ஓட்டினார். நோயாளியின் தகுதியை மருத்துவர் நிறுத்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எங்களுக்குத் தெரியாது.

முன்னே இறந்தவர்களுக்கும் இவருக்கும் வேறுபாடு

1943 மார்ச்சில் கோல்ஃப் தொடங்கிய முதல் நோயாளி 29 வயதுப் பணிப்பெண். சிறுநீரகங்கள் சுருங்கிப்போன நாள்பட்ட நோய். டயாலிசிஸ் செய்யும்தோறும் யூரியா இறங்கியது, பார்வையும் தெளிவும் சிறிது திரும்பின. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தமனியையும் சிரையையும் வெட்டித் திறக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியதை மீண்டும் பயன்படுத்த முடியாது. 12 முறைக்குப் பின் வெட்ட நாளம் இல்லை. இயந்திரம் தோற்கவில்லை, வாசல் தீர்ந்துபோனது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகும். நெஃப்ரான் தழும்பாகிவிட்டால் மறுபடி முளைக்காது. நுண்குழல் செல் உதிர்ந்தால் முளைக்கும். அந்தப் பணிப்பெண் போன்றவர்களுக்கு இயந்திரம் காலத்தைக் கொடுத்தது. அந்தக் காலத்தை வாங்கிப் பயன்படுத்த உறுப்பு இல்லை. 17ஆவது நோயாளிக்கு உறுப்பு இருந்தது. நாள்பட்ட நோயாளிகளுக்கு வழி திறந்தது 1960இல், சியாட்டிலில் ஸ்கிரிப்னர் டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிலையாகப் பொருத்தியபோது. பிறகு 1966இல் தமனியையும் சிரையையும் தோலுக்கடியில் இணைக்கும் ஃபிஸ்துலா வந்தது. நம் ஊர் டயாலிசிஸ் மையங்களில் முன்கையில் புடைத்து, தொட்டால் அதிரும் நாளம் அதுதான். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது என்று செவிலியர் கண்டிப்பதற்குக் காரணம், 1943இல் வாசல் தீர்ந்துபோன அந்தப் பணிப்பெண்ணின் கதையேதான்.

இயந்திரம் செய்யாததையும் சொல்ல வேண்டும். எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொயட்டினைப் பெரும்பாலும் சிறுநீரகமே சுரக்கிறது. வைட்டமின் டி-யை இறுதிச் செயல்வடிவுக்கு மாற்றுவதும் அதுவே. சல்லடைக்கு இரண்டும் தெரியாது. அதனால்தான் டயாலிசிஸில் இருப்பவருக்கு இரத்தசோகை ஊசியும், செயல்வடிவ வைட்டமின் டி-யான கால்சிட்ரியாலும், பாஸ்பேட்டைக் கட்டும் மாத்திரையும் தனியே வேண்டியிருக்கின்றன.

அதே நோயாளி இன்று வந்தால்

முதல் வேலை, வழி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. அடிவயிற்றைத் தட்டிப் பார்த்து, வடிகுழாய் போட்டிருந்தால் அது மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று கழுவிப் பார்த்து, ஸ்கேன் எடுக்க வேண்டும். சிறுநீர் வரவில்லை என்று பதறும் அழைப்புகளில் சில, மடங்கிய குழாயை நிமிர்த்தியதும் தீர்ந்துவிடும். அடுத்து மணிக்கணக்கில் சிறுநீரை அளப்பது: கிலோவுக்கு அரை மி.லி., அதாவது 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே ஆறு மணி நேரம் இருந்தால் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்றே கொள்ள வேண்டும். தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், இரத்தத்தில் 48 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு 0.3 மி.கி. ஏறினாலும் அப்படியே. கிரியேட்டினினை மட்டும் நம்பக் கூடாது. வடிப்பு அடியோடு நின்றாலும் அது நாளுக்கு ஒன்று, ஒன்றரை என்றுதான் ஏறும். முதல் நாள் அறிக்கை 1.6 என்று சாதுவாக இருக்கும். சிறுநீரகமோ முழுதாக நின்றிருக்கும்.

சிறுநீர்ச் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் நுண்குழல் இன்னும் உயிரோடு உப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, தாகத்தில் இருக்கிறது என்று பொருள். திரவம் கொடுத்தால் திரும்பும். 40க்கு மேல் போய், நுண்ணோக்கியில் நுண்குழலின் அச்சில் வார்த்தது போன்ற சேற்றுப் பழுப்பு நிற வார்ப்புகள் தெரிந்தால் செல்கள் உதிர்ந்துவிட்டன. அப்போது சலைன் ஊற்றிக்கொண்டே போவது நுரையீரலை நிரப்பும் வேலை. இதில் தவறுவோர் பலர்.

மருந்துச் சீட்டை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்து உட்செல்லும் நுண்தமனியை இறுக்கும். எனலாப்ரில், டெல்மிசார்டான் வகையறா வெளிச்செல்லும் நுண்தமனியைத் தளர்த்தும். நீர் மாத்திரை கன அளவைக் குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் முன்னே கண்ட அந்த 10 மி.மீ. மிச்சம் எங்கிருந்தும் வராது. காய்ச்சலும் வாந்தியுமாக இருப்பவர் இரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் விழுங்கி, உடம்பு வலிக்கு ஊசியும் போட்டுக்கொள்வதால் வரும் கேடு இது.

பொட்டாசியம் ஏறி இ.சி.ஜி. மாறியிருந்தால் 10 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. சிரைவழி மெதுவாக. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தை அரை மணி, ஒரு மணி நேரம் காக்கும். பிறகு இன்சுலின் 10 அலகு, 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.யோடு, பொட்டாசியம் செல்லுக்குள் போகும், ஆனால் உடலை விட்டுப் போகாது. சில மணி நேரத்தில் திரும்பி வரும். வெளியே எடுக்கச் சிறுநீர் வேண்டும், அல்லது டயாலிசிஸ் வேண்டும். இவ்வளவும் செய்துகொண்டிருக்கும்போது, சிறுநீர் நன்றாகப் போகட்டும் என்று உறவினர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள். ஒரு கோப்பை இளநீரில் 600 மி.கி. அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. நலமான சிறுநீரகத்துக்கு அது ஒன்றுமில்லை. சிறுநீர் நின்றவருக்கு அது மருந்துக்கு எதிர்மருந்து. காரணத்தைக் கட்டிலருகிலேயே நின்று பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும்; வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நாம் போனதும் கொடுத்துவிடுவார்கள்.

சிறுநீர் திரும்பும் நாள் கொண்டாடத்தக்கதுதான், ஆனால் காவலைத் தளர்த்தும் நாள் அன்று. வாசல் திறந்துவிட்டது, உட்சுவரில் புதிதாக முளைத்த செல்களுக்கு இன்னும் அள்ளத் தெரியவில்லை. நாளுக்கு மூன்று, நான்கு லிட்டர் என்று நீர்த்த சிறுநீர் கொட்டும். சோடியமும் பொட்டாசியமும் மெக்னீசியமும் அதோடு போகும். நேற்று வரை பொட்டாசியத்தைக் குறைக்கப் போராடியவர்கள் இன்று அதைக் கூட்டப் போராட வேண்டியிருக்கும். கிரியேட்டினின் இறங்கத் தொடங்க மேலும் இரண்டு மூன்று நாள்கள் ஆகலாம். தினமும் எடை பார்த்து, போன நீரில் ஒரு பகுதியை ஈடுசெய்து, உப்புகளை நாளுக்கு இருமுறை அளந்து, நுண்குழல் தன் வேலையை மறுபடி கற்றுக்கொள்ளும் வரை கூடவே இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது, மூன்று மாதம் கழித்துக் கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க வேண்டும் என்று சீட்டில் தேதியோடு எழுதித்தர வேண்டும்.